பஞ்சு என்றொரு பாத்திரம் அந்தப் படத்தில் இல்லை

பொம்மைக் கம்பனிக்காரர்கள் எடுத்த கார்ட்டூன் படத்துக்கு எப்படி விமர்சனம் எழுதுவது என்று உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். பத்திரிகையில் சேர்ந்து இன்னும் ஒரு பொங்கல் கூட ஆகாத பிள்ளை. எனக்குத் தெரியாது என்றேன். சினிமாப் பக்கத்திலேயே அரை ஆயுளைக் கழித்த மனுஷி இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்திருப்பாள். அடக்கத்துக்காகச் சொன்னதில்லை. எனக்கு அடக்கம் அவ்வளவாகக் கிடையாது என்பது கண்டிக் கிளையில் வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு படத்துக்கு நான் விமர்சனம் எழுதியிருக்கிறேன். எழுதியது சரியா பிழையா என்று ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் எனக்குப் புரியவில்லை. ஆகவே பாடம் எதுவும் நடத்தப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அதில் பாடம் ஏதும் இருந்தால் எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பொம்மையின் பெயரையும் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போக விளங்கும். கரடி என்றும் சொல்ல முடியாது, முயல் என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு பிராணி. நீளக் காது, உருண்டை வயிறு, இடது காதில் துணியில் அச்சடித்த ஒரு சின்ன லேபல். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், அந்தப் பெயர் லேபலில் இருக்கும். வெளிநாட்டுக் கடைகளில் வரிசையாக அடுக்கி விற்கிறார்களாம். விற்றது போதாதென்று அவற்றை வைத்து ஒரு முழுநீளப் படமும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு முன்னால் சினிமாப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் இரண்டே இரண்டு விஷயம்தான் சொல்லித் தந்தார். மற்ற நேரமெல்லாம் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். முதலாவது, தியேட்டரில் உன் கண்ணுக்கு முன்னால் இன்னொருவர் தலை தெரியாத இடமாகப் பார்த்து உட்கார். சனம் சிரித்தால் நீயும் சிரிப்பாய், அழுதால் நீயும் அழுவாய், பிறகு எது படம் எது சனம் என்று தெரியாமல் போய்விடும். இரண்டாவது, பெயரில் பிழை விடாதே. கதையை மாற்றிச் சொன்னால் கூட மன்னித்துவிடுவார்கள், பெயரை மாற்றினால் மன்னிக்க மாட்டார்கள்.

இரண்டாவது விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கதாநாயகனின் பெயருக்குப் பதிலாக அவருடைய போட்டியாளரின் பெயர் என் விமர்சனத்தில் ஏறிவிட்டது. கம்பளையிலிருந்து ரசிகர் சங்கத்தார் பஸ் பிடித்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அடுத்த வாரம் கட்டம் கட்டித் திருத்தம் போடுவதாகச் சொல்லி அனுப்பி வைத்தோம். போகும்போது அவர்களின் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக "பேரு மிஸ், பேரு முக்கியம்" என்றார். அன்றிலிருந்து பெயர்களை மட்டும் மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தை விடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. சின்னப்பிள்ளைப் படம்தானே, தியேட்டர் காலியாக இருக்கும், நிம்மதியாகப் பார்க்கலாம் என்று கட்டுகஸ்தோட்டையிலிருந்து மெதுவாக பஸ் ஏறிப் போனேன். போய்ப் பார்த்தால் வாசல் முழுக்க ஜனம். தியேட்டர் முகாமையாளர் என்னைப் பல வருஷமாகத் தெரிந்தவர், பாவம், வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"மிஸ், இப்பிடி வருவாங்கன்டு நான் நினைக்கவே இல்ல. பின்னுக்கு ஒரே ஒரு சீட்தான் ஈக்கிது. அதிலயும் முன்னுக்கு ஒரு ஃபேமிலி" என்றார்.

எனக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. வந்திருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கையில் அந்தப் பொம்மை இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள், டவுன் பிள்ளைகள், தமிழ், சிங்களம், முஸ்லிம், எல்லார் கையிலும். டிக்கெட்டுக்கே கணக்குப் பார்த்து வந்திருக்கும் குடும்பங்கள். வெளிநாட்டுப் பொம்மை இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கிட்டப் போய்ப் பார்த்ததும் பாதி விளங்கியது. ஒரு பொம்மையின் காதிலும் லேபல் இல்லை. எல்லாக் காதிலும் கத்தரித்த அடிநூல் மட்டும் மிச்சம்.

இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து, குறை என்று ஒதுக்கி, லேபலை வெட்டிவிட்டு நடைபாதைக்கு வருகிற சட்டையைப் போடாதவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்? என் அலுமாரியில் பாதி உடுப்புக்குக் கழுத்தில் லேபல் கிடையாது. பொம்மையும் அந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்வரிசையில் ஒரு தாயும் அவளுடைய மகளும். தாய்க்கு முப்பது வயதிருக்கும். உண்மைப் பெயர் வேண்டாம், சரசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் தர்ஷி, பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் திரைக்கும் நடுவில் இரண்டு தலை இருக்கிறது என்பதுதான். குருவின் முதல் விதி காற்றோடு போயிற்று.

படம் ஆங்கிலம். அடியில் சிங்கள உபதலைப்பு. கதை இதுதான். பொம்மைகளின் ஊர் ஒன்று, எல்லாருக்கும் காதில் லேபல், எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இருட்டில் லேபல் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்குக் காது கோணல், ஒருத்திக்குக் கால் நீளம் குறைவு. அவர்கள் கெட்டவர்கள். ஊருக்குள் புகுந்து நல்ல பொம்மைகளின் லேபல்களைத் திருடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு தலைவன், ஒற்றைக் கண்ணன். அடுத்த கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நூலால் ஒரு குறுக்குத் தையல். அவனுக்குப் படத்தில் பெயரே கிடையாது.

இப்போது தியேட்டரை யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒவ்வொருவர் மடியிலும் லேபல் வெட்டிய பொம்மை, திரையில் லேபல் இல்லாதவன் எல்லாம் கெட்டவன். நான் பேந்தப் பேந்த விழித்தேன். இதைப் பார்த்து இந்தப் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள்?

முன்வரிசையில் மகள் கேட்டாள். "அவங்கல்லாம் யாரும்மா?"

"அவங்களுக்குப் பேரு இல்லயாம். காதுல லேபல வெட்டிட்டாங்களாம். அதான் ஊருக்குள்ள விட மாட்டேங்குறாங்க" என்றாள் சரசு.

"ஏன் வெட்டுனாங்க?"

"தையல் கொஞ்சம் கோணலா போயிருச்சு. அம்புட்டுதான். அவங்க மேல தப்பு இல்ல."

அப்போது திரையில் கதாநாயகப் பொம்மை ஆங்கிலத்தில் சொன்னது, அவர்கள் கண்ணைப் பார்க்காதீர்கள், அவர்கள் நம் பெயரைத் திருட வருகிறார்கள் என்று. என் காதில் அதுவும் விழுகிறது, இதுவும் விழுகிறது. சிங்கள எழுத்து நடுவில் ஓடுகிறது. மூன்றும் மூன்று கதை. எதை எழுதிக்கொள்வது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

சரசு நிறுத்தவில்லை. உபதலைப்பைப் பாதி வாசித்தும் மீதியைத் தானாகப் போட்டும் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். லேபல் இல்லாதவர்கள் திருட வரவில்லையாம். தங்களுடைய லேபல் எங்கே என்று தேடி வந்திருக்கிறார்களாம். ஊர்க்காரர்கள் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்களாம். பக்கத்துக் கதிரைப் பிள்ளைகள் தங்கள் தாய் தகப்பனை விட்டுவிட்டு அவள் பக்கம் சாய்ந்துகொண்டார்கள். "அன்டி, இப்ப என்ன சொல்லுது?" என்று ஒரு முஸ்லிம் பையன் எழும்பி நின்று கேட்டான். அதற்கும் பதில் சொன்னாள். என் வரிசையிலும் பிள்ளைகள் முன்னுக்குக் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மூலை முழுவதும் சரசுவின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கடம் என்னவென்றால், நானும்தான்.

ஒற்றைக் கண்ணன் முதல் தரம் வெளிச்சத்துக்கு வந்தான். பயப்படுத்தும் இசை. தர்ஷி கதிரையில் ஏறி நின்று தன் பொம்மையை உயரத் தூக்கினாள்.

"அம்மா, பஞ்சு! நம்ம பஞ்சு!"

பஞ்சு யார் என்று நான் திரையில் தேடினேன். படக்காரர்கள் அனுப்பிய குறிப்பில் அப்படி ஒரு பெயர் இல்லையே என்று யோசித்தேன். பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். அவளுடைய பொம்மைக்கும் ஒரு கண்தான். அடுத்த கண்ணின் இடத்தில் அதே மாதிரிக் கறுப்பு நூல் குறுக்குத் தையல். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்றாகத் தியேட்டர் முழுவதும் பொம்மைகளைத் தூக்கிப் பிடித்தது. படத்தின் வில்லனுக்கு அப்படி ஒரு வரவேற்பை நான் கண்டதில்லை.

ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாது. நம் தியேட்டர்காரர்கள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டபோது நான் முன்னுக்குக் குனிந்து சரசுவிடம் கதைத்தேன்.

"நல்லா கதை சொல்றீங்க."

அவள் வெட்கப்பட்டாள். "சும்மா மிஸ். எழுத்து ஓடுற ஓட்டத்துல எங்க வாசிக்கிறது. விட்டதுக்கு நானே போட்டுக்குறேன்."

"பொம்மை எங்க வாங்கினது?"

"வாங்கல மிஸ். நாங்கதான் தைக்கிறோம், பல்லேகல பெக்டரியில. நா குறை பாக்கிற செக்கிங்ல இருக்கேன்." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. கம்பளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள், வேலைக்காகக் குண்டசாலையில் அறை எடுத்து மகளோடு இருக்கிறாள், சிங்களம் வாசிக்கப் பழகியதும் பெக்டரியில்தான் என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஆசிரியர் போன் எடுத்தார். என்னைவிட வயதில் இளையவர், யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர், ஆனால் எதைச் சொன்னாலும் அதில் ஒரு தலைப்பைக் கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பொம்மையை இங்கேதான் தைக்கிறார்கள், தைத்த பெண்ணே படம் பார்க்க வந்திருக்கிறாள் என்று நான் ஆர்வத்தில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, இது விமர்சனம் இல்லை, முதல் பக்கம். எங்கட மலையகத்துப் பிள்ளை தைச்ச பொம்மை உலகத் திரையில எண்டு போடுவம். அவவையும் பொம்மையையும் ஒரு படம் எடுங்கோ, ரெண்டு வரி பேட்டி எடுங்கோ. நாளைக்குப் பின்னேரம் பக்கம் மூடுறம்."

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. புகழ்ந்து எழுதப் போகிறோம், இதில் யாருக்கு என்ன நட்டம்?

இரண்டாம் பாதியின் முடிவைச் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் லேபல் இல்லாதவர்களை மன்னித்துவிடுகிறார்கள். மன்னித்து, ஓடுகிற ஒரு பெரிய இயந்திரப் பட்டியில் ஏற்றுகிறார்கள். கோணல் காதை நிமிர்த்தி, குறைந்த காலை நீட்டி, இல்லாத கண்ணை ஒட்டி, புது லேபல் தைத்து அந்தப் பக்கத்தால் இறக்குகிறார்கள். எல்லாரும் அழகாகி, ஒரே பாட்டுக்கு ஒரே மாதிரி ஆடுகிறார்கள். படத்தின் கணக்கில் அது சந்தோஷமான முடிவு. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அசைகிறது, அவ்வளவு நுட்பமாகச் செய்திருந்தார்கள்.

சரசுவின் குரல் நின்றுவிட்டது. எனக்கு அது முதலில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தியேட்டர் மூலையே அமைதியாக இருப்பதைக் கவனித்தேன்.

"அம்மா, இதுல எது நம்ம பஞ்சு?" என்றாள் தர்ஷி.

சரசு திரையைத் தேடினாள். நானும் தேடினேன். ஆடிக்கொண்டிருந்த அத்தனை பொம்மைகளில் அவன் எவன் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் வைத்து நான் பத்திரிகையில் இருந்து வந்திருப்பதாகச் சொல்லி, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சரசுவின் முகம் வெளிறிப் போய்விட்டது.

"பேப்பரா? நா உங்கள டீச்சர்னுல நெனச்சேன்." மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எழுதிராதீங்க மிஸ். நல்லபடியா கூட எழுதிராதீங்க. குறை இருக்கிற பொம்மய லேபல் வெட்டிட்டு மெஷின்ல போட்டு அரைக்கக் குடுத்துறணும். வெளிய போகக் கூடாதுன்னு வெளிநாட்டுக்காரங்களோட பேச்சு. பேவ்மென்ட்டுக்கு எப்புடி வருதுன்னு எனக்குத் தெரியாது. நா எடுத்தது இது ஒன்னுதான், இவளுக்காக. பேப்பர்ல வந்தா அங்கேருந்து ஆள் வரும். செக்கிங்ல யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

எழுத மாட்டேன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. அதற்குள் தர்ஷி வந்து தாயின் சேலையைப் பிடித்தாள். பொம்மை அவள் கையில் இல்லை. தாயின் பையில் தலைகீழாகத் திணித்திருந்தாள், இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"பஞ்சுக்கு லேபல் வேணும். நீங்கதானே வெட்டுறீங்க, ஒன்னு கொண்டாந்து தைங்க. இல்லாட்டி எனக்கு அவன் வேணாம்."

"ரிப்பன்ல பேர எழுதித் தைச்சுத் தரட்டா?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"அது பொய் லேபல். அச்செழுத்துல இருக்கணும்" என்றாள். செக்கிங்காரியின் மகள் இல்லையா.

சரசு என்னைப் பார்த்தாள். "பொம்மக் கணக்கு கொஞ்சம் அப்புடி இப்புடி இருக்கும் மிஸ். லேபல் கணக்கு அப்புடி இல்ல. ஒன்னு கொறஞ்சாலும் லைன நிப்பாட்டி எல்லாரையும் தேடுவாங்க. அதுல கைய வச்ச யாரும் மறுநாள் வேலைக்கு வந்தது கெடையாது. இவ இப்புடியே அழுதுக்கிட்டு இருந்தா, ஒரு நாளைக்கு நா எடுத்துருவேனோன்னுதான் பயமா இருக்கு."

அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வந்தவள் நான். என் பிரச்சினை இப்போது ஒரு பெண்ணின் வேலையாக இருந்தது.

அடுத்த நாள் ஆசிரியரிடம், அந்தப் பெண்ணுக்கு விருப்பமில்லை, படமும் இல்லை, பேட்டியும் இல்லை என்றேன்.

"என்னக்கா, புகழத்தானே போறம்? அதில என்ன பயம்?"

காரணத்தைச் சொன்னால் அதுவே ஒரு செய்தியாகிவிடும் என்று தெரியும். சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, விமர்சனத்தையாவது நேரத்துக்கு அனுப்புங்கோ என்றார்.

முதலில் படத்தைப் பாராட்டி எழுதினேன். வாசித்துப் பார்த்தால் பொம்மைக் கடையின் விளம்பரம் போல இருந்தது. அதை அழித்துவிட்டு, இது ஒரு நீண்ட விளம்பரம் என்று திட்டி எழுதினேன். அதுவும் பொய்யாகப் பட்டது, ஏனென்றால் நான் பாதிப் படத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். எந்தப் பாதி, யாருடைய பாதி என்று கேட்காதீர்கள். பக்கம் மூடும் நேரம் வந்துவிட்டது. கடைசியில், நான் பார்த்த படத்தை எழுதினேன். லேபல் வெட்டப்பட்டவர்கள் தங்கள் பெயரைத் தேடிப் போகிற கதை என்று எழுதினேன். பெக்டரி இல்லை, பல்லேகல இல்லை, தியேட்டரில் தூக்கிப் பிடித்த பொம்மைகள் இல்லை. தலைவனைப் பற்றி எழுதும் இடம் வந்தது. பெயரில்லாத ஒற்றைக் கண்ணன், பெயரில்லாத ஒற்றைக் கண்ணன் என்று எத்தனை தரம் எழுதுவது? பஞ்சு என்று தட்டினேன். தட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் எனக்குப் பெருமைதான். ஆனால் அவ்வளவு தெளிவாக அப்போது யோசித்ததாக நினைவில்லை. கை ஓடியது, நேரம் ஓடியது. கடைசி வரி மட்டும் நினைத்துத்தான் எழுதினேன். எல்லாரையும் போல அழகாக்கிய பிறகு, இதில் எது பஞ்சு என்று ஒரு பிள்ளை கேட்டது, அதற்குப் படத்தில் பதில் இல்லை, என்று. பெயர்களை மூன்று தரம் பார்க்கும் நான் அன்று ஒரு தரம் கூடப் பார்க்காமல் அனுப்பினேன்.

பத்திரிகை வந்ததும் ரகளை தொடங்கியது. படத்தைக் கொண்டுவந்த கம்பனியிலிருந்து ஒருவர் பேசினார், நீங்கள் வேறு ஏதாவது படத்துக்குப் போய்விட்டீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். கொழும்பில் ஒரு வாசகர் பிள்ளைகளைக் கூட்டிப் போய், பஞ்சு எப்போது வருவான் என்று கடைசிவரை காத்திருந்து ஏமாந்தாராம். கண்டியிலிருந்து மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முகாமையாளர் என்னைக் கண்டதும், "சரியா எழுதிட்டீங்க மிஸ்" என்று மட்டும் சொன்னார். என்ன சரி என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஆசிரியர் போன் எடுத்தார்.

"அக்கா, ஆர் இந்தப் பஞ்சு?"

"அந்த ஒற்றைக் கண்ணன்."

"அவனுக்குப் பேர் இல்லையெண்டு கம்பனிக்காரன் சொல்லுறான்."

"இல்லைதான்."

"எனக்கு விளங்கேல்லை அக்கா. பேரில பிழை விடக் கூடாதெண்டு எல்லாரையும் ஏசுற ஆள் நீங்கள். அடுத்த கிழமை திருத்தம் போடத்தான் வேணும். நீங்களே எழுதித் தாங்கோ."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அவருடைய கதிரையில் இருந்திருந்தால் இதைவிடக் காரமாகக் கேட்டிருப்பேன். சரி என்று வைத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போகும்போது மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற சரசுவைக் கண்டேன். என்னைக் கண்டதும் ஒளியப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வரிசையை விட்டு ஓடி வந்தாள்.

"மிஸ், எங்க பெக்டரியப் பத்தி ஒன்னும் எழுதலயே. பயந்துக்கிட்டே பேப்பர வாங்குனேன்." பிறகு சிரித்தாள். "வாசிச்சுக் காட்டுனேன் அவளுக்கு. பஞ்சு பேரு வந்த ஒடனே பேப்பரப் புடுங்கிட்டா. எந்த எடத்துல, எந்த எடத்துலன்னு கேட்டு, அந்தப் பேர மட்டும் கத்தரிச்சு எடுத்து, ஊக்கால பஞ்சுவோட காதுல குத்தி வச்சிருக்கா. அச்செழுத்துல வந்திருச்சாம். இனி லேபல் வேணாமாம். இப்ப அவன இல்லாம தூங்க மாட்டேங்குறா."

எனக்கு நிம்மதியாக இருந்தது, உடனே திருத்தம் நினைவுக்கு வந்தது. அதை இன்னும் எழுதவில்லை. பஞ்சு என்று யாரும் இல்லை, தவறுக்கு வருந்துகிறோம் என்று அதே அச்செழுத்தில் நானே எழுத வேண்டும். சரசு இனிப் பேப்பரை விட மாட்டாள், கட்டாயம் வாசிப்பாள். மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. பிறகு பழையபடி லேபல், அழுகை, அந்தக் கணக்கு, அந்த லைன். பஸ் வந்தது, போய்விட்டாள்.

திருத்தம் என்பது இரண்டு வரி. என் வாழ்க்கையில் எந்த விமர்சனத்துக்கும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. வாசகருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பஞ்சு இல்லை என்று எழுதினால் அது உண்மையா? எனக்குத் தெரிந்த பஞ்சு குண்டசாலையில் ஓர் அறையில் காதில் ஊக்கோடு படுத்திருக்கிறான். எழுதி எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: "சென்ற வாரத் திரைப்பட விமர்சனத்தில் பஞ்சு என்று குறிப்பிடப்பட்ட பாத்திரத்துக்கு, படத்தில் பெயர் எதுவும் வைக்கப்படவில்லை."

ஆசிரியர் வாசித்துவிட்டு, "இது திருத்தமோ, அடமோ?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் கட்டம் கட்டிப் போட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் போன் அடித்தால் எனக்குத் திக்கென்றது. வெள்ளிக்கிழமை சரசு போன் எடுத்தாள். அலுவலக இலக்கத்தைப் பேப்பரில் பார்த்து எடுத்ததாகச் சொன்னாள்.

"திருத்தம்னு போட்டிருந்தீங்களே மிஸ். அதுல பஞ்சு பேரப் பாத்துட்டு வாசிச்சுக் காட்டுன்னு நின்னா. எப்புடி வாசிக்கிறதுன்னு தெரியாம வாசிச்சுட்டேன். படத்துல அவனுக்குப் பேரு இல்லயாம்னு."

"என்ன சொன்னா?"

"படத்துல எப்புடி இருக்கும், அவங்களுக்கு அவன் பேரு தெரியாதுலன்னு சொல்றா மிஸ். அதையும் கத்தரிச்சு மத்தக் காதுல குத்திட்டா."